மகளின் சேதி யார் சொல்லித் தெரிகிறது?

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். பெங்களூரு காக்ஸ் டவுனில் இருக்கிறேன். பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் (என்.ஐ.எஸ்.) டிப்ளமோ முடித்து, ஆசிய ஃபுட்பால் கூட்டமைப்பின் (ஏ.எஃப்.சி.) பி கோச்சிங் லைசென்ஸும் எடுத்து, 11 வருடமாக ஃபுட்பால் கோச்சாக இருக்கிறேன். மேட்ச் பெரும்பாலும் ஞாயிறு. மாதத்தில் ஒரு வாரம் ஆராதனைக்குப் போனால் பெரிது. "ஞாயிற்றுக்கிழமையை விற்றுச் சாப்பிடுகிறான்" என்று சபை மூப்பர் ஒருவர் சொன்னது என் காதுக்கு வந்தது. இப்போது வெளியூர் கிளப் ஒன்றில் சீனியர் டீமுக்கு உதவி கோச்சாகக் கூப்பிடுகிறார்கள். இரண்டு வருட ஒப்பந்தம். மனைவி நர்ஸ், வேலையை விட்டு வர முடியாது. மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அவள் கொயரிலிருந்து நின்றுவிட்டாள் என்பதே சண்டே ஸ்கூல் டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விசுவாசம், குடும்பம், ஜெயம் மூன்றையும் ஒருவன் சேர்த்துப் பிடிக்க முடியுமா? இந்த வாய்ப்பு தேவ சித்தமா, சோதனையா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

மூப்பர் சொன்னதை முதலில் பேசி முடித்துவிடுவோம். உங்கள் மனைவிக்கும் ஞாயிறு டியூட்டி வரும். அவர் ஞாயிற்றுக்கிழமையை விற்றுவிட்டதாக யாரும் சொல்வதில்லை. விளையாட்டு என்றால் பொழுதுபோக்கு என்ற நினைப்பில் வரும் பேச்சு இது. பள்ளிக்கூடம் லீவு விடுகிற நாளில்தான் பிள்ளைகள் ஆட முடியும், கோச் அங்கே நின்றுதான் ஆக வேண்டும். காலை ஆராதனை தவறினால் மாலை ஆராதனை நடக்கிற சபைக்குப் போங்கள். உங்கள் சபை ஐயரிடம் நேரில் போய் நிலைமையைச் சொல்லுங்கள். திருவிருந்து ஞாயிறுகளை மட்டுமாவது விட்டுக்கொடுக்கச் சொல்லி கிளப்பிலும் கேட்டுப் பாருங்கள். 11 வருட கோச் கேட்டால் கொஞ்சமாவது காது கொடுப்பார்கள்.

ஞாயிறு விளையாட்டு என்றதும் ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடலைச் சொல்வார்கள். உங்கள் சபைப் பிரசங்கத்திலும் வந்திருப்பார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓட மறுத்தவர், பிறகு 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம் வாங்கினார். கதையை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அப்புறம் அவர் சீனாவுக்கு மிஷனரியாகப் போனார். போரின்போது ஜப்பானியர்கள் அவரை வெய்ஷியன் முகாமில் அடைத்து வைத்தார்கள். அங்கேயும் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டில் அவர் சேரவில்லை. நடுவர் இல்லாமல் ஹாக்கி ஆடிய பிள்ளைகள் அடிதடியில் முடித்தார்கள். அடுத்த ஞாயிறு லிடலே போய் நடுவராக நின்றார். அதே மனிதர்தான், அதே விசுவாசம்தான். எனக்கு அந்தத் தங்கத்தைவிட இது பெரிதாகப் படுகிறது.

இன்னொன்றும் உண்டு. 1941-இல் கர்ப்பிணி மனைவியையும் இரண்டு மகள்களையும் பாதுகாப்புக்காகக் கனடாவுக்கு அனுப்பிவைத்தார். மூன்றாவது மகளை அவர் பார்க்கவே இல்லை. 1945 பிப்ரவரியில் முகாமிலேயே இறந்துபோனார். அவரைக் குடும்பத்திடமிருந்து பிரித்தது ஒரு உலகப் போர். உங்களைப் பிரிக்கப்போவது நீங்களே கையெழுத்துப் போடுகிற ஒரு ஒப்பந்தம்.

இனி என் வீட்டுக் கதை. என் அப்பாவும் ஃபுட்பால் கோச். அல்சூரில் இருந்தோம். ஒரு தொழிற்சாலை டீமுக்குப் பயிற்சி கொடுத்தார். இன்று பெலே சிலை நிற்கிற கௌதமபுரத்துப் பையன்கள் பலர் அவரிடம் ஆடினார்கள். சாயங்காலம் கிரவுண்ட், ராத்திரி சபைக் கமிட்டி. குடி இல்லை, கெட்ட பேச்சு இல்லை. கிரவுண்டின் அந்தக் கோடியில் ஒரு பையன் இடது காலைக் கொஞ்சம் இழுத்து ஓடினால், இந்தக் கோடியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். "டேய், கணுக்காலில் என்ன?" என்று சத்தம் போடுவார். நான் ஏழாவது படிக்கும்போது எனக்குக் கண் மங்கியது. கரும்பலகை தெரியாமல் நான்கு மாதம் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதினேன். சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை மூக்கில் ஒட்டி வைத்துப் படித்தேன். அப்பா எதிரே உட்கார்ந்து உப்பு ஜாடியையும் தீப்பெட்டியையும் நகர்த்தி மறுநாள் ஆட்டத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் என் வகுப்பு டீச்சர் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. என்னிடம் ஒன்றும் பேசவும் இல்லை.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் மூப்பரைத் தாண்டி, ஒப்பந்தத்தைத் தாண்டி, அந்த சண்டே ஸ்கூல் டீச்சரிடம் வந்து நின்றுவிட்டேன்.

வேதத்தில் ஆசாரியர் ஏலியை நினைத்துப் பாருங்கள். ஊரார் வீட்டுப் பிள்ளை சாமுவேலை வளர்த்து, கர்த்தரின் குரலை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தவர். கோச் என்றால் அப்படிப்பட்ட கோச். ஆனால் சொந்த மகன்கள் ஓப்னியும் பினெகாசும் செய்துகொண்டிருந்ததை அவர் ஜனங்கள் சொல்லித்தான் கேட்கிறார். இத்தனைக்கும் அவர்களும் அதே ஆலயத்தில்தான் இருந்தார்கள். ஏலிக்கு விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது, வேலையிலும் குறை இல்லை. அப்படியும் வீட்டுச் சேதி வெளியிலிருந்துதான் வந்தது. உங்கள் மகள் தப்பு எதுவும் செய்யவில்லை, பாடுவதை நிறுத்தியிருக்கிறாள், அவ்வளவுதான். நான் சொல்வது சேதி வந்த வழியை.

இனி ஜெயம். கூடுதல் நேரம் போட்டால்தான் ஜெயிக்கலாம் என்று கோச்சுகள் நம்புகிறார்கள். நானும் வெகுநாள் நம்பினேன். அமெரிக்கன் ஃபுட்பாலில் ஜோ கிப்ஸ் என்று ஒருவர், வாஷிங்டன் டீமுக்குக் கோச். சீசனில் பல இரவுகள் அலுவலகத்திலேயே படுத்துக்கொள்வார். அந்த ஆட்டத்தின் பெரிய இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை மூன்று முறை ஜெயித்தார். 1993-இல் குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்று விலகினார். அதே ஆட்டத்தில் இன்னொரு கோச் டோனி டஞ்சி இதற்கு நேர் எதிர். உதவி கோச்சுகளை வீட்டுக்குப் போகச் சொன்னவர், அவர்களுடைய பிள்ளைகளைப் பயிற்சி நடக்கும் இடத்துக்கு அழைத்துவர அனுமதித்தவர். 2007 பிப்ரவரியில் அவரும் சூப்பர் பவுல் ஜெயித்தார், ஜெயித்த முதல் கறுப்பினத் தலைமைக் கோச் அவர்தான். இருவருமே விசுவாசத்தை வெளிப்படையாகச் சொன்னவர்கள். அலுவலகத்தில் படுக்காமலும் கோப்பை வாங்க முடிந்திருக்கிறது, தம்பி.

தேவ சித்தமா என்று சொல்ல நான் யார்? என் எண்ணத்தைச் சொல்கிறேன். தனியாகப் போவதாக இருந்தால் இந்த வருடம் போகாதீர்கள். அடுத்த வருடம் அவள் பத்தாவது. உங்கள் லைசென்ஸ் எங்கும் போய்விடாது, திறமையும் போகாது. இன்னொரு கிளப் கூப்பிடும். கூப்பிடாமலும் போகலாம், அந்த இழப்பு சின்னதில்லை என்று எனக்குத் தெரியும். மனைவிக்கு அந்த ஊரில் வேலை கிடைத்து மூவருமாகப் போக முடிந்தால் அது வேறு கதை. அப்போது தைரியமாகப் போங்கள்.

மேட்ச் முடிந்த மறுநாள் பெரும்பாலும் டீமுக்கு ஓய்வு கொடுப்பீர்கள். அந்தத் திங்கட்கிழமை ஃபோனையும் மேட்ச் வீடியோவையும் ஒதுக்கி வைத்துவிட்டு, அவள் பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் போய் நில்லுங்கள். பாடுவதை ஏன் நிறுத்தினாள் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. டீச்சரிடம் கேட்க வேண்டாம். அவளிடமே கேளுங்கள். கிளப்புக்குப் பதில் எழுதுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா