வாசகர் கேள்வி – பதில்: காற்றுக் குழிக்கு முன் பழைய வரைபடம் எதற்கு?

கேள்வி: ஜார்க்கண்டின் ஜரியா பகுதியில் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்துக்குப் புதிய காற்றோட்டக் குழி தோண்டுவதற்கு முன்பு, பாறைகளை ஆராய்வதோடு கைவிடப்பட்ட சுரங்கங்களின் வரலாற்றையும் தேடுகிறார்கள் என்று படித்தேன். ஆற்றல் மிக்க விசிறியைப் பொருத்தினால் போதாதா? (நெய்வேலி வாசகர்)

பதில்: போதாது, சில இடங்களில் விசிறியின் ஆற்றலே ஆபத்தாகிவிடும். உங்கள் ஊரில் சுரங்கம் திறந்தவெளியில் இருப்பதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. நிலத்தடியில், அதிகம் பேர் இறங்கும் ஷிப்டின் கணக்கில் ஆளுக்கு நிமிடத்துக்கு 6 கன மீட்டர், அல்லது அன்றாடம் வெட்டும் ஒவ்வொரு டன்னுக்கும் நிமிடத்துக்கு 2.5 கன மீட்டர், இவற்றில் எது அதிகமோ அந்த அளவு காற்று சென்றாக வேண்டும் என்பது நம் நாட்டு விதி. நிலக்கரியிலிருந்து கசியும் மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் வெடிக்கும் என்பதால், எந்தப் படுகையில் எவ்வளவு வாயு இருக்கிறது, பாறை எங்கே பிளந்து பெயர்ந்திருக்கிறது என்பதைத் துளையிட்டு எடுத்த மாதிரிகளைக் கொண்டு முதலில் அறிகிறார்கள்.

இதைவிடக் கடினமானது வரலாற்று ஆய்வு. ஜரியாவில் நிலக்கரிப் படுகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. 1970களின் தொடக்கத்தில் நாட்டுடைமையாகும் வரை பல தனியார் நிறுவனங்கள் அவற்றைத் தனித்தனியே வெட்டி, கூரையைத் தாங்க நிலக்கரித் தூண்களை விட்டுச் சென்றன. புதிய விசிறி உண்டாக்கும் அழுத்த வேறுபாட்டால் விரிசல்கள் வழியே அந்தப் பழைய வெட்டிடங்களுக்குள் காற்று மெல்லக் கசிந்தால், தூண்களில் எஞ்சிய நிலக்கரி ஆக்சிஜனோடு வினைபுரிந்து சூடேறும். அந்த வெப்பத்தை வெளியேற்றும் அளவுக்குக் காற்றோட்டம் இல்லாததால் அது தானாகவே தீப்பற்றும். 1916இல் முதன்முதலாகப் பதிவான ஜரியாவின் நிலத்தடித் தீ இன்னும் முழுமையாக அணையவில்லை என்பதை நினைத்தால், இந்த ஆய்வுக்குச் செலவிடும் மாதங்களை வீண் என்று யாராலும் சொல்ல முடியாது.

பழைய வெட்டிடங்களில் தண்ணீரும் தேங்கியிருக்கும். தன்பாத் அருகே சாஸ்னாலாவில் 1975 டிசம்பர் 27 அன்று அப்படித் தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்ததில் 375 தொழிலாளர்கள் இறந்தார்கள். எத்தனை குடும்பங்களின் துயரம் அது! கைவிடப்பட்ட வெட்டிடத்திலிருந்து 60 மீட்டருக்குள் நெருங்கும்போது தனி அனுமதியும், வெட்டும் திசையில் முன்கூட்டியே துளையிட்டுப் பார்ப்பதும் கட்டாயம் என்னும் விதியை ஒருபோதும் தளர்த்தக் கூடாது.

கேள்வி: அந்தப் பழைய வரைபடங்கள் எங்கே கிடைக்கும்? அவற்றை நம்பலாமா? (அதே வாசகர்)

பதில்: ஒரு சுரங்கத்தைக் கைவிடும்போது அதன் வரைபடத்தைத் தன்பாத்தில் தலைமையகம் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்திடம் உரிமையாளர் ஒப்படைக்க வேண்டும். ஆனால் கடைசி அளவீட்டுக்குப் பிறகு வெட்டப்பட்ட பகுதி அதில் இராது. ஆகவே அந்த வரைபடத்தை இன்றைய அளவீட்டின் மீது பொருத்திப் பார்த்து, ஐயம் எழும் இடங்களில் மேலிருந்து துளையிட்டு, உள்ளே இருப்பது திண்ணிய நிலக்கரியா, நீரா, வெற்றிடமா என்று உறுதிசெய்த பிறகே குழிக்கான இடத்தைக் குறிக்க வேண்டும்.