கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: பி.எஸ்சி. உளவியல் முடித்து, அப்பாவின் உரக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். தடயவியல் உளவியலில் (குற்றம், நீதிமன்றம் சார்ந்த உளவியல்) எம்.எஸ்சி. ஆன்லைனில் படிக்கலாமா சார்?
- வாசகி, திருவையாறு

பதில்: பணம் கட்டிடாதேம்மா, பொறு. 2025 ஜூலை பருவத்திலிருந்து உளவியலை ஆன்லைனிலோ தொலைநிலையிலோ நடத்த நம்மூர்ப் பல்கலைக்கழகங்களுக்கு யு.ஜி.சி. அனுமதி கிடையாது. பிரிட்டனில் ஆன்லைன் எம்.எஸ்சி. உண்டு. ஆனால் அந்தப் பட்டத்தோடு அங்கேயே 'தடயவியல் உளவியலாளர்' என்று போட்டுக்கொள்ள முடியாது. மேற்பார்வையில் பயிற்சி முடித்து, எச்.சி.பி.சி. என்கிற அந்நாட்டுப் பதிவு அமைப்பில் பதியவேண்டும். நம்மூரிலேயே கல்லூரிக்கு நேரில் போய் எம்.எஸ்சி. உளவியல் படி.

கும்பகோணம் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவன் நான். சாட்சிக் கூண்டில் ஒரு கிழவி, ஒவ்வொரு கேள்விக்கும் முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி முழித்தாள். புளுகுகிறாள் என்றே நினைத்தேன். பாவம், அவளுக்குக் காது கேட்கவில்லை. ஆளைப் பார்த்து மனசைக் கணிப்பது லேசில்லை, அதனால்தான் நேரில் படிக்கச் சொல்கிறேன்.