சிங்கராஜாவுக்குப் போவதால் அந்த ஊர்ச் சனத்துக்கு ஏதாவது போய்ச் சேருமா?

கேள்வி: கொழும்பிலிருந்து குடும்பத்தோடு சிங்கராஜா மழைக்காட்டுக்குப் போக யோசிக்கிறோம். இதனால் காட்டுக்கோ அங்குள்ள மக்களுக்கோ உண்மையில் நன்மை உண்டா, இல்லை எல்லாம் விளம்பரமா?

பதில்: விடியக்காலை வான் பிடித்து, மத்தியானச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போய், இரவுக்கே வீடு திரும்புகிற யோசனையில்தான் நீங்களும் இருப்பீர்கள். 2016இல் நாங்கள் வெள்ளவத்தையிலிருந்து அப்படித்தான் போனோம். வான், பிரியாணிப் பார்சல், தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் ஒரு பயண நிறுவனம் இங்கேயே ஏற்பாடு செய்திருந்தது. காட்டு வாசலில் இருக்கிற குடாவ ஊரில் ஒரு பிளேன் டீக்குக்கூட வானை நிறுத்தவில்லை. நுழைவுச்சீட்டும் வழிகாட்டியின் கூலியும் போக, அந்த ஊருக்கு நாங்கள் கொடுத்தது குப்பை மட்டும்தான். நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

2023 பங்குனியில் திரும்பவும் போனோம். இந்த முறை ஊருக்குள் ஒரு வீட்டில் இரண்டு இரவு தங்கினோம். வீட்டுக்கார அக்கா பிலாக்காய்க் கறியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார். அவருடைய தம்பிதான் எங்களுக்கு வழிகாட்டி.

1972 தொடக்கம் 1977 வரை ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக இந்தக் காட்டில் மரம் தறித்தார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகுதான் அது நின்றது. 1988இல் உலக மரபுரிமையாக அறிவித்தார்கள். குடாவப் பக்கம் நாம் நடக்கிற அகலமான பாதை அன்றைக்கு மர லொறி ஓடிய பாதை. வழிகாட்டியின் அப்பா அந்த லொறிகளில் கூலிக்கு மரம் ஏற்றியவர். மகனுக்கு அதே பாதையில் பறவை காட்டுவது தொழில்.

2022இல் பெற்றோல் இல்லாமல் நாங்கள் வரிசையில் நின்ற காலத்தில் அங்கே வாரக்கணக்காக ஒரு வான்கூட வரவில்லையாம். அப்போது வெளியூர் ஆள் ஒருவர் வழிகாட்டியிடம் வந்து, வல்லப்பட்டை மரம் நிற்கிற இடத்தைக் காட்டினால் போதும், மூன்று மாத உழைப்பைக் கையில் தருகிறேன் என்றிருக்கிறார். வாசனைப் பிசினுக்காகக் கள்ளமாக வெட்டுகிற மரம் அது. இவர் மாட்டேன் என்றுவிட்டு, கித்துள் பாணி காய்ச்சி விற்றுச் சமாளித்திருக்கிறார். "இன்னொரு வருசம் அப்படி வந்தால் மறுத்திருப்பேனா என்று எனக்கே தெரியாது" என்றார். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான். நாம் போய்த் தங்கிச் சாப்பிடுகிற காசு, அந்த ஆளுக்கு மாட்டேன் என்று சொல்ல அவருக்கு இருக்கிற பலம்.

ஒரு வீட்டுக் கதையை வைத்து முழுக்காட்டையும் அளக்கிறாய் என்று சிலர் வருவார்கள். சனம் கூடினால் காடு கெடும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் ஐந்து வான் ஒரு நாள் போவதைவிட ஒரு குடும்பம் இரண்டு நாள் தங்குவது மேல் என்கிறேன். எனக்கு எந்தக் கமிசனும் இல்லை, அந்த வீட்டின் பெயரைக்கூட நான் சொல்லவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லவேண்டும். அங்கே பல இனப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடும். ஓயாமல் கத்திக்கொண்டே அந்தக் கூட்டத்தை இழுத்துப் போவது செம்மஞ்சள் அலகுள்ள ஒரு தவிட்டுக்குருவி, இலங்கையில் மட்டுமே உள்ள இனம். மகள் அதன் பெயரைக் கேட்டாள். வழிகாட்டி தயங்கித்தான் சொன்னார்: சிங்களத்தில் அது 'தெமலிச்சா'. தமிழரைக் குறிக்கிற 'தெமள' என்ற சிங்களச் சொல் அதில் ஒலிக்கிறது. பிள்ளையின் முகம் மாறிவிட்டது. "அப்ப தமிழில என்ன பெயர் அப்பா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. வந்த பிறகு வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் கடை கடையாக ஏறி இறங்கினேன், சிங்கராஜாப் பறவைகளைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எனக்குக் கிடைக்கவில்லை. பரீட்சை வழிகாட்டிகள் மட்டும் கூரை முட்ட அடுக்கியிருந்தன. இந்த நாட்டுக் காட்டை எங்கள் பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பது? எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, போவதென்றால் தை முதல் சித்திரைக்குள் போங்கள், மழை கொஞ்சம் குறைவு. அட்டைக்கு நீளக் காலுறை கட்டாயம். திரும்பும்போது கித்துள் பாணியைத் தங்கின வீட்டிலேயே வாங்குங்கள். கொழும்புக் கடைகளில் நான் வாங்கினவற்றில் பாதிக்குமேல் சீனிதான் நாக்கில் நின்றது.