புது வீட்டுக்கு முன்பணம் கொடுக்குமுன்

கேள்வி: வேகமாக வளரும் புறநகர் ஒன்றில், கட்டி முடித்து இரண்டு மாதமே ஆன வீட்டைப் பார்த்திருக்கிறோம். நான் நாள்தோறும் ரயிலில் நகரத்துக்கு வேலைக்குப் போய்வர வேண்டும். எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

பதில்: விடுமுறை நாளில் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுத்துவிடாதீர்கள். வேலைநாள் ஒன்றில், நீங்கள் வழக்கமாகக் கிளம்பும் நேரத்தில், அந்த வீட்டு வாசலிலிருந்தே புறப்பட்டு அலுவலகம்வரை சென்று மாலையில் திரும்பியும் பாருங்கள். விளம்பரங்கள் சொல்லும் பயண நேரத்தில் நிலையத்துக்கு நடப்பதும் வண்டிக்குக் காத்திருப்பதும் பெரும்பாலும் சேர்வதில்லை.

கான்கிரீட்டின் வலிமையை 28ஆம் நாளில் சோதிப்பது வழக்கம் என்றாலும், கட்டடத்தில் தங்கிய ஈரம் முழுவதும் வெளியேறப் பல மாதங்கள் ஆகும். ஈரம் காயும்போது பூச்சு சற்றுச் சுருங்கும்; ஆகவே அதில் தலைமுடி அளவில் தெரியும் கோடுகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலில் நாணயத்தின் விளிம்பு நுழையுமானால், விற்பவரைச் சாராத பொறியாளர் ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்திடவே வேண்டாம். தரை ஓடுகளையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி எழும் இடத்தில் அடியில் கலவை சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள்.

பலத்த மழைக்கு மறுநாள் ஒருமுறை போய், தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்த்துவிடுங்கள். அக்கம்பக்கத்தில் புதிய மனைகளை மண் கொட்டி உயர்த்தினால், இன்று மேடாக இருக்கும் வாசலே நாளை பள்ளமாகிவிடும். எதிரிலுள்ள காலி நிலம் பூங்காவாகும் என்ற வாய்மொழியை நம்பாமல், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். குறைகளைச் சரிசெய்து தரும் காலக்கெடுவும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும்.