மலைநாட்டு ரயில் ரோட்டு வேலைக் கோச்சி பத்தி கேளுங்க, சொல்றேன்

இலங்கை மலைநாட்டு ரயில் லைன்ல பாதை வேலை செஞ்சு ரிட்டயர் ஆனவன் நான். சல்லிக் கோச்சி (பாதைக்குப் போடுற உடைச்ச கல்லு ஏத்திட்டு வர்ற ரயில்), டேம்பிங் மெஷின் எல்லாம் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, ஒவ்வொண்ணா சொல்றேன்.

கேள்வி: அண்ணே, கொட்டகலை ஸ்டேஷன்ல ஆளே ஏத்தாம கல்லு நிறைச்ச வேகன் நிக்குதே, அது எதுக்கு?

அது சல்லிக் கோச்சி தம்பி. தண்டவாளத்துக்கு அடியில குறுக்கால போடுற சிலிப்பர் கட்டை அசையாம இருக்கிறதுக்கும் மழைத்தண்ணி வடியிறதுக்கும் கருங்கல் சல்லிதான் வேணும், அதுவும் முனை முனையா உடைச்ச கல்லா இருக்கணும். ஆத்துக்கல்லு உருண்டையா இருக்கிறதால ஒண்ணை ஒண்ணு பிடிக்காது, ஓடிரும். கோச்சி ஓட ஓட சல்லி நொறுங்கிப் பொடியாகும், மண்ணும் ஏறும், அதனாலதான் புதுசா போட்டுக்கிட்டே இருக்கணும்.

கேள்வி: சேர், மஞ்சள் கலர்ல ஒரு பெரிய மெஷின் பாதையில கம்பிய குத்திக் குத்தி எடுக்குதே, என்ன பண்ணுது?

அதுதான் டேம்பர். முதல்ல தண்டவாளத்த சிலிப்பரோட சேர்த்துத் தூக்கி சரியான மட்டத்துக்குக் கொண்டு வரும். அப்புறம் சிலிப்பருக்கு ரெண்டு பக்கமும் இரும்பு விரல்கள சல்லிக்குள்ள இறக்கி, செக்கனுக்கு 35 தடவை மாதிரி அதிர வச்சு கல்ல சிலிப்பருக்கு அடியில தள்ளி இறுக்கும். அரிசி மூட்டைய குலுக்கினா அடங்குமே, அதே வேலைதான். முன்னாடி இதை கேங் ஆளுங்க பிக்காஸ்ல கையாலயே அடிச்சாங்க, பனியிலயும் மழையிலயும். வளைவான இடத்துல வெளிப்பக்கத் தண்டவாளத்த எவ்வளவு உயர்த்தணும்னு கண்ணால பார்த்தே சொல்லக்கூடிய கங்காணிமார் இருந்தாங்க, அவங்களுக்கு இந்த லைன் பெரிய கடன்பட்டிருக்கு.

கேள்வி: வேலை முடிஞ்சா கோச்சி வேகமாத்தானே போகணும், ஏன் ஊர்ந்து போகுது?

எல்லாரும் திட்டுறது இதுக்குத்தான். கிளறின சல்லி இன்னும் அடங்கியிருக்காது, பக்கவாட்டுல பாதைய பிடிச்சு வைக்கிற பலம் குறைஞ்சிருக்கும். கோச்சிங்க மெதுவா ஓடி ஓடி அது அடங்கினதும் வேகத்த கூட்டுவாங்க. அந்த ஸ்பீட் ரெஸ்ட்ரிக்‌ஷன தயவு செஞ்சு குறை சொல்லாதீங்க.

கேள்வி: ஒரே லைன்தானே, வேலைக் கோச்சி உள்ள இருக்கும்போது பதுளைக் கோச்சி வந்து மோதாதா?

அதுக்கு டேப்ளட் இருக்கு, ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல போறதுக்கு அனுமதியா டிரைவர்கிட்ட குடுக்கிற ஒரு தட்டு. ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட இருக்கிற மெஷின்ல இருந்து அந்தப் பகுதிக்கு ஒரு டேப்ளட் வெளிய எடுத்தா, அது திரும்ப உள்ள போகிற வரைக்கும் ரெண்டு ஸ்டேஷன்லயும் அடுத்தது எடுக்கவே முடியாது. வேலைக் கோச்சி அதை கையில வச்சுக்கிட்டு நடு வழியில நின்னு சல்லி கொட்டிட்டு வரும். பழைய முறைதான், ஆனா ரொம்ப நம்பிக்கையான முறை.

கேள்வி: ஐயா, எங்க தோட்டத்துக்குக் கீழ போற பாதையில கோச்சி போகும்போது சேறு மேல தெறிக்குது, சல்லி போட்டாலும் திரும்ப அதேதான். ஏன்?

தங்கச்சி, இதுதான் இன்னைக்கு வந்த கேள்வியிலயே முக்கியமானது. அங்க சல்லி குறைவில்ல, தண்ணி வடிய வழியில்ல. அடியில களிமண் ஊறிக் கிடக்கும், சக்கரம் அமுக்கினா சேறா மேல வரும், புதுச்சல்லியும் அதே சேத்துல மூழ்கும். நீங்க டேம்பர கொண்டு வந்து எத்தனை தடவை குத்தினாலும் பக்கத்துக் கான், அதாவது தண்ணி ஓடுற வடிகால், அடைச்சிருந்தா அடுத்த மழையில பாதை திரும்ப இறங்கிரும். கான் வெட்டுறது என்னன்னு தோட்டத்து ஆளுங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல, மேல தேயிலை மலையில கான கவனிக்காம விட்டா அந்தத் தண்ணி முழுக்க நேரா ரயில் ரோட்டுக்குத்தான் வரும், அப்புறம் மேட்டு மண்ணும் சேர்ந்து வரும். 2025 நவம்பர்ல டித்வா புயல் மழையில மலைநாட்டுப் பாதை எப்படி அடிபட்டதுன்னு எல்லாரும் பார்த்தோம். அந்த அளவு மழைய கான் மட்டும் தாங்காது, உண்மைதான். ஆனா வருஷா வருஷம் வர்ற மழைக்கு கான்தான் மருந்து, மெஷினுக்கு செலவழிக்கிறதுக்கு முன்னாடி அதுக்கு ஆள் போடணும்னு நான் திரும்பத் திரும்ப சொல்றேன். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவுல இருக்கிற சிங்கமலை சுரங்கம் மாதிரி இடத்துலயும் இதே கதைதான், உள்ள கசியிற தண்ணிய வெளிய எடுக்கணும்.

கேள்வி: கொங்கிரீட் சிலிப்பர் இருக்கும்போது ஏன் இன்னும் மரக்கட்டை?

நம்ம லைன்ல 5 செயின் வளைவு இருக்கு, அதாவது கிட்டத்தட்ட 100 மீட்டர் ஆரை. நம்ம கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல உள்ள அகலம், 5 அடி 6 அங்குலம், இவ்வளவு கூரான வளைவுல அதை கொஞ்சம் அகலப்படுத்தணும், மரத்துல அது சுலபம். போதாததுக்கு 44க்கு 1 ஏத்தம், அதாவது 44 அடி போனா 1 அடி ஏறும், இறங்கும்போது பிரேக் போட்டுப் போட்டு தண்டவாளமே கீழ் நோக்கி நகரும், அதையும் பார்த்துக்கிட்டே இருக்கணும்.

கேள்வி: ராகலை லைன திரும்பப் போட முடியுமா?

நானுஓயாவுல இருந்து நுவரெலியா வழியா போன அந்தச் சின்னக் கேஜ் பாதைய 1948ல மூடிட்டாங்க. எனக்கும் ஆசைதான், ஆனா இருக்கிற பாதைய முதல்ல காப்பாத்துவோம்.

கேள்வி: அண்ணே, தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துல கோச்சி இல்லாத நேரம் பார்த்து போட்டோ எடுக்கலாம்தானே?

வேணாம் தம்பி. 1921ல இருந்து நிக்கிற பாலம், அழகுதான், ஆனா நீங்க பார்க்கிற டைம் டேபிள்ல ஆள் ஏத்துற கோச்சி மட்டும்தான் இருக்கும். சல்லிக் கோச்சி, டேம்பர், தள்ளு ட்ராலி எதுவும் அதுல இல்ல, எந்த நேரமும் வரலாம். பக்கத்து மேட்டுல நின்னு எடுங்க, படமும் அங்க இருந்துதான் நல்லா வரும்.