டெஸ்ட் முதலிலா, பாலிசி முதலிலா?

கேள்வி: எனக்கு வயது 33. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸில் வேலை. அம்மா 48 வயதில் சினைப்பைப் புற்றுநோயில் தவறிவிட்டார். இப்போது அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். அவருக்கு எடுத்த மரபணுச் சோதனையில் பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் மியூட்டேஷன், அதாவது பிறழ்வு இருக்கிறதாம். என்னையும் தம்பியையும் சோதித்துக்கொள்ளச் சொல்கிறார் டாக்டர். 'ரிசல்ட் வந்துவிட்டால் எந்தக் கம்பெனியும் இன்சூரன்ஸ் தராது' என்று வீட்டுக்காரரின் நண்பர் பயமுறுத்துகிறார். ஆபீஸ் குரூப் பாலிசியில் 3 லட்சம் கவரேஜ், எஃப்.டி.யில் 4 லட்சம், அவ்வளவுதான் கையிருப்பு. எச்சிலை அனுப்பினால் எல்லா நோயையும் சொல்லும் கிட் என்று 15,000 ரூபாய்க்கு ஒன்றை விற்கிறார்கள். அதையே வாங்கிவிடலாமா? ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

பதில்: முதலில் ஒன்று. உடம்பில் கட்டி, வலி என்று ஏதாவது தெரிந்தால் இந்தப் பதிலைப் படிக்க வேண்டாம், இன்றைக்கே டாக்டரிடம் போங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் மேலே படியுங்கள்.

நண்பர் சொன்னதில் பாதி உண்மை. மரபணுக் கோளாறு என்று காரணம் காட்டி மருத்துவக் காப்பீட்டு கிளெய்மை நிராகரிக்கக் கூடாது, புதிய பாலிசிகளில் அப்படி ஒரு விலக்கை எழுதவே கூடாது என்று 2018 மார்ச்சில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ உத்தரவிட்டது. அதற்கு முந்தைய மாதம்தான், பரம்பரை இதயநோய் என்று சொல்லி ஒருவருக்குப் பணம் மறுக்கப்பட்ட வழக்கில், அந்த விலக்கு பாரபட்சமானது என்று டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆனால் இந்த உத்தரவு பாலிசி கையில் இருப்பவருக்குத்தான் கவசம். இனிமேல் வாங்கப் போகிறவருக்கு பிரீமியத்தை ஏற்றுவதையோ, 'உங்களுக்குத் தர முடியாது' என்பதையோ அது தடுக்கவில்லை. மரபணு முடிவை வைத்து மருத்துவக் காப்பீட்டில் பாகுபாடு காட்டக் கூடாது என்று அமெரிக்காவில் 2008இல் தனிச் சட்டமே போட்டார்கள். ஆயுள் காப்பீடு அங்கேயும் அந்தச் சட்டத்துக்குள் வராது. நம்மிடம் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை.

ஆகவே என் யோசனை: பாலிசி முதலில், டெஸ்ட் அடுத்து. ஆனால் டெஸ்டை ஓரிரு மாதத்துக்கு மேல் தள்ளாதீர்கள். பிஆர்சிஏ1 பிறழ்வு உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வர ஏறத்தாழ 70 சதவீத வாய்ப்பு, சினைப்பையில் 40 சதவீதத்துக்கு மேல். அந்தப் பிறழ்வு உங்களுக்கும் வந்திருக்கச் சரிபாதி வாய்ப்பு. இன்சூரன்ஸுக்காக இதை ஆண்டுக்கணக்கில் தெரியாமல் வைத்திருப்பது மோசமான கணக்கு.

மருத்துவ பாலிசி உங்கள் பெயரில் குறைந்தது 10 லட்சம், அதற்கு மேல் ஒரு சூப்பர் டாப்-அப், அதாவது செலவு ஒரு தொகையைத் தாண்டினால் மிச்சத்தைத் தரும் கூடுதல் பாலிசி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால் முன்பைவிடக் கொஞ்சம் இலகு. குரூப் பாலிசியை விட்டுவிடாதீர்கள். வேலையை விட்டால் அது போய்விடும், அதனால் அதை மட்டும் நம்பவும் முடியாது. குரூப் பாலிசி தந்த அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறினால், சில நோய்களுக்குக் கிளெய்ம் கிடைக்கும்வரை பொறுக்க வேண்டிய காத்திருப்புக் காலத்தில் ஏற்கெனவே கழித்தது கணக்கில் வரும். எச்.ஆரிடம் இதைக் கேளுங்கள். கூடவே உங்கள் பெயரில் ஒரு டேர்ம் பாலிசியும் (ஆயுள் காப்பீடு) இப்போதே எடுங்கள். சம்பாதிப்பது நீங்களும்தானே.

விண்ணப்பப் படிவத்தில் 'பெற்றோர், உடன்பிறந்தோருக்குப் புற்றுநோய் உண்டா?' என்று ஒரு கட்டம் இருந்தால் 'ஆம்' போட்டு, அம்மா, அக்கா இருவருக்கும் எந்த வயதில் வந்தது என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். 'அதெல்லாம் எழுதாதீங்க மேடம், பாலிசி லேட்டாகும்' என்று ஏஜென்ட் சொன்னால் ஏஜென்டை மாற்றுங்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறலாம், ஏறட்டும். நாளைக்கு கிளெய்ம் வரும்போது 'மறைத்துவிட்டார்' என்ற ஒரு வரி போதும், மொத்தமும் போய்விடும். நீங்கள் எடுக்காத டெஸ்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பாலிசி வருவதற்குள் டெஸ்ட் எடுத்துவிட்டால், அந்த முடிவையும் சொல்லியாக வேண்டும்.

பாலிசி வந்ததும் எல்லாரும் பார்க்காமல் விடுகிற ஒரு பக்கத்தைப் பாருங்கள். நவீன சிகிச்சைகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். வாய்வழி கீமோதெரபி, இம்யூனோதெரபி, ரோபோ அறுவை சிகிச்சை எல்லாம் அதில் வரும். இவற்றுக்குக் காப்பீடு தர வேண்டும் என்று 2019இல் ஐஆர்டிஏஐ சொன்னது, உச்சவரம்பு வைத்துக்கொள்ளவும் அனுமதித்தது. 10 லட்சம் பாலிசியில் இதற்கு மட்டும் ஒன்றோ இரண்டோ லட்சம் என்று எழுதியிருந்தால் அது உங்கள் குடும்பத்துக்கு உதவாது. பிஆர்சிஏ பிறழ்வு உள்ளவர்களுக்குக் கொடுக்கும் புற்றுநோய் மருந்தான ஓலாபரிப் ஒரு மாத்திரை. வீட்டிலிருந்தபடி மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவது. மரபணுவைப் பார்த்து மருந்து கொடுக்கும் மருத்துவம் வந்துவிட்டது. நம் பாலிசிகளோ இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டிலை மனதில் வைத்து எழுதியவை. உச்சவரம்பு இல்லாத பாலிசிக்குச் சில ஆயிரம் கூடுதலாகக் கட்டுவதில் தப்பே இல்லை. அக்காவின் பாலிசியிலும் அந்தப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள்.

இனி டெஸ்ட். அக்காவின் ரிப்போர்ட் நகல் இல்லாமல் போகாதீர்கள். அதில் 'சி.68_69டெல்' என்பது போல ஒரு குறியீடு இருக்கும். மரபணுவில் எந்த இடத்தில் பிழை என்று சொல்லும் முகவரி அது. அந்த ஓர் இடத்தை மட்டும் பார்க்கச் சொன்னால் போதும். செலவு, பல மரபணுக்களை முழுதாகப் பார்க்கும் முழுப் பேனலைவிட மிகக் குறைவு, பதிலும் உண்டு, இல்லை என்று தெளிவாக வரும். முழுப் பேனல் எடுத்தால் 'இது என்ன செய்யும் என்று தெரியாது' வகை முடிவுகளும் வரலாம். அதை வைத்துக்கொண்டு தூக்கம் கெடுவதுதான் மிச்சம். அம்மாவுக்கும் அக்காவுக்கும் வந்தது அந்த ஒரே பிழையால்தானா என்று மரபியல் ஆலோசகரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். உறவினருக்குச் சலுகைக் கட்டணம் உண்டா என்று ஆய்வகத்திலும் கேளுங்கள்.

கிட் வேண்டாம். 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 23அண்ட்மீ நிறுவனத்தின் எச்சில் சோதனைக்கு அனுமதி தந்தபோது, அது பார்த்தது மூன்றே மூன்று பிஆர்சிஏ பிறழ்வுகளை. தெரிந்தவை ஆயிரத்துக்கும் மேல். அதில் 'இல்லை' என்று வந்தால் என்ன நிம்மதி? அந்த நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்தபோது, கோடிக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவல் யார் கைக்குப் போகும் என்பதே பெரிய சண்டையானது.

எஃப்.டி.யைத் தொடாதீர்கள். முடிவு 'உண்டு' என்று வந்தால் ஆண்டுதோறும் எம்ஆர்ஐ, மேமோகிராம் எடுக்கச் சொல்வார்கள். படுக்கையில் சேராமல் எடுக்கும் ஸ்கேனுக்குப் பெரும்பாலான பாலிசிகள் பணம் தராது. நோய் வருமுன் சினைப்பையை எடுக்கும் அறுவை சிகிச்சையை 35 முதல் 40 வயதுக்குள் டாக்டர் பேசக்கூடும். இதற்குக் கிளெய்ம் கிடைக்குமா என்பது பாலிசியைப் பொறுத்தது, எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆக, அந்த 4 லட்சத்தில் 2 லட்சத்தை இதற்கென்று தனியாக ஒதுக்கிவிடுங்கள். பழைய வருமான வரி முறையில் இருந்தால் முன்தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழிவும் உண்டு.

மகளுக்கு இப்போது எந்தச் சோதனையும் வேண்டாம். வளர்ந்தபின் அவளே முடிவு செய்யட்டும். தம்பியை மட்டும் விட்டுவிடாதீர்கள். 'பொம்பளைங்க வியாதிதானே' என்று அவர் சும்மா இருப்பார். அவருக்கும் இது சரிபாதி வாய்ப்புத்தான், வந்திருந்தால் அவர் பிள்ளைகளுக்கும் இறங்கலாம். அவரும் இதே வரிசையில் பாலிசி, பிறகு டெஸ்ட் என்று போகட்டும். அக்காவின் ரிப்போர்ட்டில் ஒரு நகல் அவருக்கும் எடுத்துவிடுங்கள்.