பிரம்பு இல்லாமல் ஓதல் ஏறாதா?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. விடுதியோடு இருக்கும் ஹிஃப்ளு (குர்ஆன் மனனம்) மதரஸாவில் சேர்த்து நாலு மாதம் ஆகிறது. போன் செய்தால், "வயிறு வலிக்குதும்மா, கூட்டிட்டுப் போங்க" என்கிறான். உஸ்தாதோ, "செல்லம் கொடுத்தால் ஓதல் ஏறாது, பிரம்பு வேணும்" என்கிறார். அன்பாகச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் ஓதவே மாட்டார்களா?
- ஒரு தாய், மேலப்பாளையம்

பதில்: நன்றாகவே ஓதுவார்கள், சகோதரி. 26 வருடம் விடுதி மதரஸாவில் ஹிஃப்ளு வகுப்பு எடுத்தவன் நான். ஆரம்ப வருடங்களில் என் கையிலும் பிரம்பு இருந்தது. நான் ஓதிய இடத்தில் வாங்கியதை அப்படியே என் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

ஒரு பையன் குர்ஆனில் மாயிதா சூராவின் (அத்தியாயத்தின்) 69-ஆவது ஆயத்தில் (வசனத்தில்) நுழைந்தால் போதும், பகரா சூராவின் 62-க்குத் தாவிவிடுவான். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. பகராவில் 'வன்னஸாரா வஸ்ஸாபியீன', மாயிதாவில் 'வஸ்ஸாபிஊன வன்னஸாரா'. முழுக் குர்ஆனையும் மனனம் செய்த தேர்ந்த ஹாஃபிழ்களே தடுமாறும் இடம். மூன்றாம் நாளும் தவறினான், அடித்துவிட்டேன். மறுநாள் சபக் (புதுப் பாடம்) ஒப்பிக்க வரவில்லை. காய்ச்சலாம். பார்க்கலாம் என்று நெற்றிப் பக்கம் கையைக் கொண்டு போனேன். பையன் கண்ணை இறுக மூடி, தோளைக் குறுக்கிக்கொண்டான். அடி விழப்போகிறது என்று நினைத்திருக்கிறான். நெற்றியில் சூடே இல்லை.

அதற்குப் பிறகு நான் பிரம்பைத் தொடவில்லை. அன்று அஸர் தொழுகைக்கு அப்புறம் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டு ஆயத்துகளையும் ஒரே தாளில் எழுதி, மாறுகிற சொற்களுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டுக் காட்டினேன். இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

அடித்து வளர்க்கும் பிள்ளை பொய்யும் சூதும் பழகும் என்று வரலாற்று அறிஞர் இப்னு கல்தூன் 600 வருடங்களுக்கு முன்பே முகத்திமா என்ற தன் நூலில் எழுதிவிட்டார். இல்லாத காய்ச்சலை அந்தப் பையனுக்குக் கற்றுக் கொடுத்தது நான்தான்.

முஆவியா பின் ஹகம் என்ற ஸஹாபி (நபித்தோழர்), தெரியாமல் தொழுகைக்கு நடுவே பேசிவிட்டார். சுற்றி நின்றவர்கள் முறைத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் தொழுகை முடிந்ததும், இதில் மனிதப் பேச்சு கூடாது என்று மட்டும் எடுத்துச் சொன்னார்கள். "அவரைவிடச் சிறந்த ஆசிரியரை நான் கண்டதில்லை, என்னைக் கடியவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை" என்கிறார் அந்த ஸஹாபி. ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் (நபிமொழி) கிரந்தத்தில் இருக்கிறது. பிரம்பை விடாத உஸ்தாதுகளும் ஓதிக் காட்டுகிற ஹதீஸ்தான் இது.

செல்லம் வேறு, சகோதரி. என் வகுப்பில் சுபுஹு (அதிகாலைத்) தொழுகைக்கு முன்பே எழுந்தாக வேண்டும், பழைய பாராவை (மனனம் செய்த குர்ஆன் பாகத்தை) ஒருநாளும் ஓதாமல் விட மாட்டேன். அடி இல்லை, அவ்வளவுதான்.

முதலில் பிள்ளையை டாக்டரிடம் காட்டுங்கள். வலி நிஜமாகவே இருக்கலாம். உடம்பில் தழும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அன்றைக்கே கூட்டி வந்துவிடுங்கள். இல்லையென்றால், தனியாக இருக்கும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ராத்திரி வயிறு வலிச்சா யாரை எழுப்புவே?" உஸ்தாதின் பெயரைச் சொன்னால் இன்னும் கொஞ்ச நாள் விட்டுப் பாருங்கள். பேசாமல் தரையைப் பார்த்தால் பெட்டியைக் கட்டுங்கள். உள்ளூர் மஹல்லா மதரஸாவுக்குத் தினமும் போய் வந்தும் 30 பாராவும் மனனம் செய்யலாம். என்னிடம் அப்படி முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.